புதைந்த காடும் பாறை எண்ணெயும்

கோடை விடுமுறை கழிந்து கல்லூரி திறந்த சில நாட்களுக்கெல்லாம், காங்கயத்துக்கு அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து முதிய குடியானவர் ஒருவர், கண்ணாடிப் புட்டியொன்றில் நீர் கொணர்ந்து நமது இரசாயன சாலையின் வாயிலில் வந்து நின்றார். அவர் பேரன் நம் மாணவருள் ஒருவன். புட்டியிலிருந்த நீரின்மேல், வானவில்லின் நிறங்களையெல்லாம் காட்டும் மெல்லிய ஆடையொன்று படர்ந்திருந்தது.

"ஏனுங்க வாத்தியாரய்யா, இது எண்ணெய்தானுங்களே? இன்னும் ஆயிரமடி இறக்கினா ஊத்துப் பிடிச்சுக்கும்னு ஒரு தரகர் சொல்றாருங்க. பத்திரத்தை வெச்சாவது இறக்கிப் போடலாம்னு இருக்கறனுங்க" என்றார்.

தாம் கூறியது நகைப்புக்கிடமானதோ என்று அவர் சிறிது கூசினார். கூசுதற்கு அதில் ஒன்றுமில்லை. 1930-களில் தென்னார்க்காட்டு நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் கிணறு தோண்டுவித்தபோது, நீரோடு கரிய பொருள் மேலெழுந்து வந்ததைக் கண்டு அரசினர்க்கு அறிவித்தார். அதன் வழியேதான் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி உலகுக்குத் தெரியவந்தது. ஆகவே கிணற்று நீரை உற்று நோக்கும் குடியானவரை எள்ளுதல் கற்றவர்க்கு அழகன்று.

நாம் ஒரு குச்சியை எடுத்து அந்த ஆடையைக் கிழித்துப் பார்த்தோம். அது கண்ணாடிச் சில்லுபோல் துண்டு துண்டாக உடைந்து, உடைந்தது உடைந்தபடியே மிதந்தது. எண்ணெயாயின் குச்சி சென்ற வழியே சுழன்று, மறுகணமே ஒன்றுகூடி மூடிக்கொள்ளும். நீரில் கரைந்துள்ள இரும்பை உண்டு வாழும் நுண்ணுயிர்கள் தேங்கிய நீரின்மேல் இத்தகைய ஆடையை நெய்வதுண்டு. இதனை அவரும் தம் கையாலேயே சோதித்துப் பார்த்து ஒப்புக்கொண்டார். ஆயினும் அவர் விட்டாரில்லை. "இங்கே மேலே இல்லாட்டிப் போகுது, நாகப்பட்டணத்துப் பக்கம் பூமிக்குள்ளே எண்ணெய் இருக்குதாமே, நம்ம பூமிக்குள்ளே மட்டும் ஏனுங்க இருக்கக் கூடாது?" என்று வினவினார். குச்சியால் விடைகூறக்கூடிய வினா அன்று அது. அன்று நாம் அவருக்குச் சொல்லியதையும், பின்னர் மாணவர் கேட்கக் கேட்க விரித்ததையும் ஈண்டு எழுதுகின்றோம்.

நிலக்கரிக்குள் எண்ணெயும் வாயுவும் அடங்கியுள்ளன என்பது புதிய செய்தியன்று. காற்றுப் புகாத வாலையிலிட்டு நிலக்கரியைச் சுட்டால் எரிவாயுவும், தார் என்னும் கரிய குழம்பும், கல்கரியும் பிரிகின்றன. வில்லியம் மர்டாக் என்பவர் 1792-இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் தம் இல்லத்தை அவ்வாயுவைக் கொண்டே ஒளிபெறச் செய்தார். அக்காலத்து வாயுச்சாலைகளில் ஒரு டன் நிலக்கரியினின்று ஏறத்தாழ 300 கன மீட்டர் வாயுவும், 40, 50 லிட்டர் தாரும் கிடைத்து வந்தன. அத்தாரை வேண்டாப் பொருளென்று ஒதுக்கியிருந்த நாளில், 1856-ஆம் ஆண்டு, பதினெட்டு வயதினரான வில்லியம் பெர்க்கின் அதினின்று வந்த அனிலீனை வைத்துக் கொயினா செய்ய முயன்று, ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தார். இன்று திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் பின்னலாடைக்கு ஏறும் எண்ணற்ற நிறங்களுக்கும் அந்தத் தாரே மூதாதை. எனவே, நம் ஊர்ப் பனியன் அணிந்தவர் எவரும் நிலக்கரிக்கும் தமக்கும் தொடர்பில்லை என்று சொல்லுதற்கில்லை.

வாயுச்சாலையில் மனிதன் 1,000 டிகிரி உஷ்ணத்தில் சில மணி நேரத்திற் செய்ததை, பூமி மிகக் குறைந்த சூட்டில் மிக நீண்ட காலத்திற் செய்கின்றது. எவ்வளவு குறைந்த சூடு என்று அறிந்தால் வியப்புண்டாகும். பருத்தித் துணிக்குச் சாயமேற்றும் தொட்டியின் சூடு பெரும்பாலும் 60 டிகிரி. பாலியெஸ்டருக்குச் சாயமேற்ற மூடிய கலத்தில் அழுத்தத்துடன் 130 டிகிரி வேண்டும். பூமிக்குள் எண்ணெய் பிறக்கும் சூடும் ஏறக்குறைய இதுவேயாம். 60 டிகிரியளவில் மிக மெல்லத் தொடங்கி, 100-க்கும் 150-க்கும் இடையே ஓங்கி, அதற்குமேல் எண்ணெய் குறைந்து வாயுவே மிகுகின்றது. மரப்பொருள் மிகுந்த நிலக்கரியாயின் தொடக்கம் இன்னும் சற்றுத் தாமதிக்கும். சாயத்தொட்டிக்கும் பூமிக்கும் உள்ள வேறுபாடு சூட்டில் இல்லை, நாழிகையில் உள்ளது.

பூமியில் ஆழம் செல்லச் செல்ல ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 25 முதல் 30 டிகிரிவரை சூடு ஏறுகின்றது. நம் நாட்டில் மேற்பரப்பின் உஷ்ணத்தை 28 டிகிரி என்றும், ஏற்றத்தைக் கிலோமீட்டருக்கு 28 என்றும் கொள்வோமாயின், 100 மீட்டர் ஆழத்தில் 31 டிகிரியும், 500 மீட்டரில் 42 டிகிரியும், 3,000 மீட்டரில் 112 டிகிரியும் இருக்கும். இனி, சாயப்பட்டறை மேஸ்திரிகள் அனுபவத்தால் அறிந்த ஒரு விதியுண்டு: சூடு ஏற ஏற வேலை விரைவாக முடியும். இரசாயன நூலார் இதனையே, பத்து டிகிரி ஏறினால் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பர். இது கணக்குக்கு எளிய தோராய விதியேயன்றிப் பொருள்தோறும் பிறழாத விதியன்று. லோபாட்டின் என்னும் ருஷிய அறிஞர் 1971-இல் இவ்விதியைக் கொண்டே, புதைந்த பாறை எவ்வளவு வெந்திருக்கின்றது என்று கணக்கிட ஒரு முறை வகுத்தார். 100 டிகிரியில் 10 இலட்சம் ஆண்டுகளில் முடியும் வேலை 110 டிகிரியில் 5 இலட்சம் ஆண்டுகளில் முடியும். 60 டிகிரியிலோ 1 கோடியே 60 இலட்சம் ஆண்டுகள் வேண்டும். 30 டிகிரியில் கிடக்கும் கரிக்கு இக்கணக்கின்படி வேண்டிய காலத்தை மாணவர் தாமே கணித்துக்கொள்க.

ஆயின் சூடும் காலமும் இருந்தால் மட்டும் போதுமோ? தொட்டியில் இட்ட பொருள் எது என்பதையும் பார்த்தல் வேண்டும். இங்கே கணக்கு வைக்கவேண்டிய பொருள் ஹைட்ரஜன் என்னும் நீரகவாயு. மீதேன் வாயுவில் ஒரு கார்பன் அணுவுக்கு நான்கு ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன. கச்சா எண்ணெயில் ஏறத்தாழ இரண்டு. மரத்தினின்று உண்டான சாதாரண நிலக்கரியிலோ ஒன்றுக்கும் குறைவே. கையில் ஒரு பணம் வைத்திருப்பவன் இரண்டு பணத்துப் பண்டத்தைத் தன் சரக்கு முழுமைக்கும் வாங்கவியலாது. ஒரு பகுதிக்கு ஹைட்ரஜனைக் கொடுத்துவிட்டு, எஞ்சிய பகுதி முன்னிலும் வறிய கரியாக நிற்கவேண்டியதுதான். எண்ணெயும் வாயுவும் வெளியேற வெளியேற, எஞ்சும் கரி கறுத்து, இறுகி, ஹைட்ரஜன் வற்றி, ஆந்த்ரசைட் என்னும் கடுங்கரியாகி, மேலும் கொடிய சூட்டில் பென்சிலுக்குள் வைக்கும் காரீயக் கரியாக முடிகின்றது.

காடு முழுவதும் ஒரே பொருளால் ஆனதன்று. அடிமரமும் கிளையும் பெரும்பாலும் செல்லுலோசும் லிக்னினும் ஆகியவை. இவற்றில் பிராணவாயு மிகுதி, ஹைட்ரஜன் குறைவு. இலையின்மேல் பூசிய மெழுகு, மரப்பட்டையின் தக்கை, மகரந்தத்தின் ஓடு, பிசின், சதுப்பு நீரில் வாழ்ந்த பாசி ஆகியவையோ ஹைட்ரஜன் செறிந்தவை. ஆகவே வெறும் மரக்கட்டை புதைந்த கரி பெரும்பாலும் வாயுவையே தரும். இலையும் பிசினும் பாசியும் மிகுந்த கரி எண்ணெயும் தரும். நாம் பூசையிலும் புகையிலும் பயன்படுத்தும் குங்கிலியம் இருக்கின்றதன்றோ, அது இத்தகைய ஒரு மரவினத்தின் பிசினே. அக்குங்கிலிய மரங்கள் செறிந்த தென்கிழக்காசியக் காடுகள் புதைந்த இடங்களில், குறிப்பாகப் போர்னியோத் தீவின் மகாகம் ஆற்றுமுகத்தில், நிலக்கரிப் படிவுகளே எண்ணெய்க்குத் தாய்ப்பாறை என்று நிலநூலார் துணிந்துள்ளனர். அப்பகுதிக் கச்சா எண்ணெய்களில் அப்பிசினினின்று வந்த மூலக்கூறுகளைப் பல கோடி ஆண்டுகளுக்குப் பின்னும் அடையாளம் காண்கின்றார்கள். எண்ணெய் தன் தாயை மறப்பதில்லை.

புதைந்த சதுப்புக்காடு முதலில் பீட் என்னும் புற்கரியாகின்றது. இந்நிலையில் அதில் வாழும் நுண்ணுயிர்கள் சிறிது மீதேனை விளைவிக்கின்றன. குளத்துச் சேற்றைக் கலக்கினால் குமிழியிட்டு வருவதும் அதுவே. மேலே மணலும் களியும் படியப் படிய அது நசுங்கிப் பழுப்பு நிலக்கரியாகும். இதுவரை அது இழப்பது பெரும்பாலும் நீரும் கரியமிலவாயுவுமே. அதற்குமேல் புதைந்து சூடேறிக் கறுப்பு நிலக்கரியாகும்போதுதான் எண்ணெய் பிரியத் தொடங்குகின்றது. பிறகு வாயு, மேலும் வாயு. கடுங்கரி நிலைவரை செல்லும் ஒரு டன் கரி தன் வாழ்நாளில் நூறு கன மீட்டருக்கு மேற்பட்ட மீதேனை விளைவிக்கக்கூடும். ஆனால் தன்னுள் பிடித்து வைக்கக்கூடியது அதில் ஒரு சிறு பங்கே. எஞ்சியது எங்கேனும் போய்த் தங்கவேண்டும், அன்றேல் காற்றோடு கலந்து மறையவேண்டும்.

எண்ணெயின் கதை வேறு. நிலக்கரி ஒரு பெருங் கருமி. நுண்ணிய துளைகள் நிறைந்த அது, தான் பெற்ற எண்ணெயைத் தானே உறிஞ்சி வைத்துக்கொள்கின்றது. சாயத்தொட்டியினின்று எடுத்த பின்னலாடைத் துணி நீரைப் பிடித்துக்கொண்டு விடாமையால், பட்டறையில் அதனைச் சுழலும் பொறியிலிட்டுப் பிழிகின்றார்களன்றோ? பூமிக்குள் அத்தகைய பொறி ஏதுமில்லை. கரி நிறைந்து வழிந்தாலன்றி எண்ணெய் வெளிப்படாது. பல சமயங்களில், வெளிப்படுமுன்னரே சூடு மிகுந்து அவ்வெண்ணெய் வாயுவாகச் சிதைந்துவிடும். தடித்த ஒரே கரிப்படுகையை நோக்க, மணலும் கரியும் கருங்களியும் மெல்லிய ஏடுகளாய் மாறி மாறிக் கிடக்குமிடத்தில் எண்ணெய் எளிதில் வெளியேறும். இக்காரணத்தால்தான் உலகின் பல நிலக்கரி வயல்கள் வாயுவுக்கு மட்டும் தாயாக இருக்கின்றன. ஒல்லாந்து நாட்டுக் குரோனிங்கன் வாயுவயல் 1959-இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஐரோப்பாவின் பெருவயல்களுள் ஒன்றான அதன் வாயு, கீழே ஆழத்தில் கிடக்கும் 30 கோடி ஆண்டுக்கு முற்பட்ட நிலக்கரியினின்று மேலேறி, மணற்பாறையில் தங்கி, மேலிருந்த உப்புப் பாறையால் மூடப்பட்டுக் கிடந்தது. அதை எடுத்ததனால் நிலநடுக்கங்கள் உண்டாகி வீடுகள் வெடித்தமையால், 2024-இல் அந்நாட்டார் அவ்வயலைச் சட்டத்தாலேயே மூடிவிட்டனர்.

இதுகாறும் கூறியவற்றால், ஒரு நிலத்தில் கரி இருக்கின்றதா என்று கேட்பது பாதிக் கேள்வியே என்பது விளங்கும். அது எவ்வளவு ஆழம் புதைந்தது, எவ்வளவு காலம் அங்கே கிடந்தது, பின்னர் எழுப்பப்பட்டதா என்ற புதைவு வரலாற்றையும் கேட்டல் வேண்டும். இவ்வரலாற்றைப் பாறையே எழுதி வைத்திருக்கின்றது. கரியினுள் விட்ரினைட் என்னும் மரத்துணுக்குகள் உண்டு. அவற்றைத் தேய்த்து மெருகிட்டு நுண்ணோக்கியின்கீழ் ஒளியைப் பாய்ச்சினால், எவ்வளவு வெந்ததோ அவ்வளவு பளபளக்கும். விழுந்த ஒளியில் நூற்றுக்கு 0.5 பங்குக்குக் குறைவாகத் திருப்பினால் அது இன்னும் பச்சை, 0.6 முதல் 1.3 வரை எண்ணெய் பிறக்கும் பக்குவம். 2-க்கு மேற்பட்டால் உலர்ந்த வாயுவே. பாறை பின்னர் மேலே எழும்பிக் குளிர்ந்தாலும் இப்பளபளப்பு குறைவதில்லை. சுட்ட செங்கல் மீண்டும் களிமண் ஆகாததுபோல் என்க.

நம் தேசத்தில் இவ்வுண்மையைக் கண்ணாற் காண விழைவோர் அஸ்ஸாமின் கிழக்குக் கோடிக்குச் செல்க. அங்கே மார்கெரிட்டா, லேடோ என்னுமிடங்களில் நிலக்கரிச் சுரங்கங்கள் உள்ளன. அவற்றுக்கு அண்மையிலேயே டிக்பாய் இருக்கின்றது. அங்கே 1889-இல் தோண்டத் தொடங்கிய கிணற்றில் எண்ணெய் கண்டு, 1901-இல் சுத்திகரிப்பு ஆலையும் அமைத்தனர். யானையின் காலில் ஒட்டிய எண்ணெயே அதைக் காட்டிக்கொடுத்தது என்று ஒரு கதை வழங்குகின்றது. கதையாகவே அதை விட்டுவிடுவோம். சுரங்கத்தில் வெட்டப்படும் கரி பராயில் என்னும் பாறைவரிசையைச் சேர்ந்தது. நிலம் மடிந்து உந்தப்பட்ட விளிம்பில் அவ்வரிசை வெயில் படும்படி வெளியே தலைகாட்டுகின்றது. பள்ளத்தாக்கின்கீழோ அதே வரிசை பிற்கால மணலும் களியும் மேலே குவிய, சில ஆயிரம் மீட்டர் ஆழத்தில் வெந்துகொண்டிருக்கின்றது. அவ்வரிசையின் கரிக்களிப் பாறைகளும், அதற்குக் கீழுள்ள கொப்பிலிக் களிப்பாறையும் மேல் அஸ்ஸாம் எண்ணெய்க்குத் தாய்ப்பாறைகள் என்பர். 1953-இல் கண்ட நாஹர்கட்டியா எண்ணெயில் மெழுகு மிகுதி. மார்கழிக் காலைத் தேங்காயெண்ணெய்போல் குழாயில் உறையாதிருக்க, அதைச் சூடேற்றிப் பதப்படுத்தியே பரௌனிக்கு அனுப்பினர். இத்தகைய மெழுகு, தாய்ப்பொருளில் நிலத்தாவரங்களின் இலைமெழுகு மிகுந்திருந்தமைக்கு ஓர் அறிகுறி. ஆஸ்திரேலியாவின் தென்கரைக் கிப்ஸ்லாந்து வயலிலும் இதுவே செய்தி: கரையில் லட்ரோப் பள்ளத்தாக்கில் பழுப்பு நிலக்கரியை வெட்டுகின்றனர், கடலடியில் ஆழப் புதைந்த அதே தொகுதியினின்று பிறந்த வாயுவை 1965-இலும் எண்ணெயை 1967-இலும் கண்டனர்.

இனி நம் மாகாணத்துக்கு வருவோம். காவிரி கடலோடு கலக்கும் பகுதியின் அடியில் ஒரு பெரும் பள்ளம் உண்டு. இந்தியாவும் இலங்கையும் அந்தார்ட்டிக்காவும் ஒன்றாயிருந்த கோண்டுவானாக் கண்டம் பிளக்கத் தொடங்கியபோது, 13, 14 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலம் பிளந்து தாழ்ந்து உண்டான பள்ளம் அது. சில இடங்களில் 5 கிலோமீட்டருக்கு மேல் மணலும் களியும் சுண்ணாம்பும் அதில் நிறைந்துள்ளன. அதன் அடித்தட்டில் கிடப்பது, அரியலூர் மாவட்டத்து ஆண்டிமடத்தின் பெயரைப் பெற்ற கருங்களிப்பாறை வரிசை. அக்காலத்துக் கரைகளில் தழைத்த செடிகொடிகள் ஆற்றோடு அடித்துவரப்பட்டு அச்சேற்றில் புதைந்தன. ஏறத்தாழ அக்காலத்துச் செடிகளின் இலைப்பதிவுகளைப் பெரம்பலூர்ப் பக்கத்துத் தெரணியில் வெட்டும் களிமண்ணில் இன்றும் காணலாம். ஆண்டிமடக் களிப்பாறை நிலக்கரிப் படுகை அன்று. எனினும் அதிற் கலந்த உயிர்ப்பொருளில் பெரும்பங்கு நிலத்தாவரத்தினது. ஆழத்தில் நெடுங்காலம் வெந்து அது எண்ணெயும் வாயுவும் ஈன்றது. அவை பிளவுகளின் வழியே ஏறி மணற்பாறைகளில் தங்கின. 1964-இல் காரைக்காலில் முதற் கிணறு தோண்டினர். வாணிகத்துக்கு ஏற்ற எண்ணெய் நரிமணத்தில் கிடைத்தது 1985-இல்தான். ஆழத்தைக் கடந்து செல்வதைவிட வரலாற்றை ஊகித்தறிவதற்கே இந்த இருபத்தோராண்டும் பெரும்பாலும் சென்றன என்று நாம் எண்ணுகின்றோம்.

அதே பள்ளத்தின் மேல்மாடியில்தான் நெய்வேலி இருக்கின்றது. 1957-இல் அங்கே மண்ணகழும் வேலையைத் தொடங்கி, 1961-இல் கரியைத் தொட்டனர். கரிக்கு மேலே கிடந்த மண்ணின் தடிப்பு பெரும்பாலும் 50 முதல் 100 மீட்டர் வரையே. முன் சொன்ன கணக்கின்படி அங்குள்ள சூடு 31 டிகிரிக்குச் சற்று முன்னும் பின்னும். வெட்டியெடுக்கும் கரியின் எடையில் ஏறத்தாழ பாதி நீர்! எண்ணெய்க்குரிய பக்குவத்தின் வாயிலைக்கூட அது மிதிக்கவில்லை. கீழ்மாடியில் வெந்து முடிந்த சமையலும், மேல்மாடியில் அடுப்பேற்றாத அரிசியும் ஒரே வீட்டில் இருப்பதை நம் மாணவர் வேறெங்கும் தேடிப்போக வேண்டுவதில்லை.

பழுப்பு நிலக்கரி நெய்வேலியோடு நின்றுவிடவில்லை. மன்னார்குடிப் பக்கத்தில் இன்னும் ஆழத்திலும் கிடக்கின்றது. அதில் ஒட்டியுள்ள மீதேனை எடுப்பதற்கென 2010-இல் ஒரு நிறுவனத்துக்கு உரிமை வழங்கப்பட்டது. கரியில் ஒட்டிய மீதேனை விடுவிக்க, அக்கரியை அழுத்திக்கொண்டிருக்கும் நீரை முதலில் இறைத்து வெளியேற்றல் வேண்டும். வங்காளத்து ராணிகஞ்சில், பல இலட்ச நூற்றாண்டுகள் வெந்த பழைய கறுப்பு நிலக்கரியிலிருந்து மீதேன் எடுக்கப்பட்டு வருவது மெய்யே. மன்னார்குடியிலோ கரி இளையது. அதன்மேல் உள்ளவை நெல்வயலும், அதற்கு உயிரான நிலத்தடி நீரும். கொடுப்பது இன்ன அளவு என்று தெரியுமுன் இழப்பது இன்னது என்பது உழவர்க்குத் தெரிந்திருந்தது. அவர்கள் எதிர்த்தார்கள், அத்திட்டம் நின்றது. 2020-இல் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி மாநில அரசினர் சட்டம் இயற்றினர். முன்னரே நடைபெற்று வந்த எண்ணெய்க் கிணறுகளை அச்சட்டம் நிறுத்தவில்லை. எண்ணெய் வேண்டாமென்று சொல்லும் உரிமை, சாயப்பட்டறைக் கொதிகலனையும் சரக்குவண்டியையும் நம்பி வாழும் நம் ஊரார்க்கு எளிதிற் பொருந்துவதன்று. எனினும் நொய்யலாற்று நீர் சாயத்தால் கெட்டுப் பாசன நிலங்கள் பாழ்பட்டதைக் கண்டறிந்த நாம், மன்னார்குடி உழவரின் அச்சத்தை வீணச்சம் என்றும் சொல்லமாட்டோம்.

காங்கயத்துப் பெரியவரின் வினாவுக்கு இப்போது விடை கூறலாம். நம் பகுதியின் அடியிலுள்ளவை நைஸ், சார்னக்கைட் முதலிய மிகப் பழம் பாறைகள். சார்னக்கைட் என்னும் பெயர், கல்கத்தாவில் ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல்லாக அப்பாறை இருந்தமை பற்றித் தாமஸ் ஹாலந்து 1893-இல் இட்டது. அவரே காங்கயத்தை அடுத்த சிவன்மலையின் அரிய பாறைகளையும் குருந்தக் கற்களையும் ஆராய்ந்து 1901-இல் நூல் வெளியிட்டார். நம் பகுதியின் பழைய பாறைகள் 200 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. நிலத்தில் காடு தோன்றியதோ 40 கோடி ஆண்டுகளுக்கு உட்பட்டு. எனவே அப்பாறைகள் உண்டான நாளில் புதைவதற்குக் காடே இல்லை. அன்றியும் அவை இருபது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் 700 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் கிடந்து, பின்னர் மேலெழுந்தவை. எண்ணெயாகத்தக்க பொருள் எதுவும் அச்சூட்டுக்குத் தப்பியிராது. அதன்பின் நம் நிலம் காவிரிப் பள்ளம்போல் தாழ்ந்து வண்டலைத் தாங்கவுமில்லை.

இதற்கு ஒரு மாணவன் நல்லதோர் ஆட்சேபம் கூறினான். வியட்நாம் நாட்டுக் கடலில் வெள்ளைப்புலி என்று பொருள்படும் பாக் ஹோ வயலில், கருங்கற் பாறையிலேயே எண்ணெய் எடுக்கின்றார்களே என்றான். உண்மையே. ஆயினும் அக்கருங்கல் எண்ணெயைப் பெற்றதேயன்றி ஈன்றதன்று. அதைச் சுற்றித் தாழ்ந்த பள்ளங்களில் ஏரிச்சேற்றுக் களிப்பாறை வெந்து, அதினின்று வந்த எண்ணெய் கருங்கல்லின் வெடிப்புகளுக்குள் புகுந்து தங்கிற்று. காங்கயத்துக் கருங்கல்லிலும் வெடிப்புகள் உண்டு. ஆழ்துளைக் கிணற்றுக்கு நீர் வருவதும் அவற்றின் வழியே. ஆனால் பக்கத்தில் எண்ணெய் கொடுக்கும் பள்ளம் இல்லை. மிக அண்மையிலுள்ளது காவிரிப் பள்ளமே. அதன் மேற்கு விளிம்பும் திருச்சிராப்பள்ளிக்குக் கிழக்கே நின்றுவிடுகின்றது.

இவற்றையெல்லாம் பெரியவர் பொறுமையாகக் கேட்டிருந்து, "அப்படீன்னா நெய்வேலிக் கரி எப்பத்தானுங்க எண்ணெயாகும்?" என்றார். பத்து ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் இடைவிடாது அதன்மேல் வண்டல் படிந்து நிலமும் தாழ்ந்துகொண்டே போகுமாயின், 3,000 மீட்டர் ஆழம் சேர 3 கோடி ஆண்டுகள் செல்லும் என்று பலகையில் கணக்கிட்டுக் காட்டினோம். அவர் சிறிது நேரம் அப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு புட்டியிலிருந்த நீரைக் கொல்லையில் ஊற்றிவிட்டு, கிணற்று நீரின் இரும்பைப் போக்க வழியுண்டா என்று கேட்டார். உண்டு, நீரை உயரத்திலிருந்து தொட்டியில் விழச்செய்து காற்றுப் படவிட்டு, மணலில் வடித்தால் இரும்பின் பெரும்பகுதி துருவாகத் தங்கிவிடும் என்றோம். அடுத்த சனிக்கிழமை அவர் பேரனும் மாணவர் நால்வரும் சென்று, மூன்று மண்பானைகளும் ஆற்று மணலும் கொண்டு அதனைச் செய்து கொடுத்து வந்தனர்.